வெள்ளைப் புள்ளி: மீன் மேல் இருக்கும்போது மருந்து அதைத் தொடாது

மீன் வளர்ப்பவர் யாரைக் கேட்டாலும் வெள்ளைப் புள்ளி நோய்க்குக் கைவசம் ஒரு வைத்தியம் வைத்திருப்பார். ஒருவர் நீல மருந்து என்பார், ஒருவர் உப்பு என்பார், இன்னொருவர் ஹீட்டர் போட்டாலே போதும் என்பார். மூன்றும் ஓரளவு கேட்கும். இருந்தும், மருந்து போட்ட தொட்டியிலேயே மீன்கள் அடுத்தடுத்துச் செத்து மிதப்பதைப் பலர் வீட்டில் பார்த்திருக்கிறேன். மருந்து சரியாகத்தான் இருக்கும், அளவும் சரியாக இருக்கும். புள்ளி மறைந்த அன்றே பாட்டிலை மூடி அலமாரியில் வைத்திருப்பார்கள். இந்த நோயில் மிகக் கவனமாக இருக்க வேண்டிய நாள் அந்த நாள்தான்.

ஏன் என்று என் அக்கா மகள் வீட்டுத் தொட்டியை வைத்தே சொல்கிறேன். சிங்கப்பூர் ஜூரோங் வெஸ்டில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) நான்கறை வீடு. படுக்கையறையில் இரண்டடித் தொட்டி. நியான் டெட்ரா, கோரிடோரஸ், சில பிளாட்டி என மீன்கள், கொஞ்சம் செர்ரி இறால், கட்டையில் கட்டிய ஜாவா ஃபெர்ன் செடி. எல்லாம் நன்றாக இருந்தது. ஆண்டுக் கடைசி மழைக்காலத்தில் கிளவுன் லோச் என்ற மீனின் குட்டிகள் சிலவற்றை வாங்கி விட்டிருக்கிறாள். ஒரு வாரம் ஆகவில்லை, வாட்ஸ்அப்பில் படம் வந்தது. உடனே போனும் வந்தது.

"மாமா, லோச்சு மேல உப்புத் தூவின மாதிரி இருக்கு. கல்லுல போய்ப் போய் உரசுது."

"செவுள் எப்படி அடிக்குதுன்னு பாரும்மா."

"வேகமாத்தான் அடிக்குது. ஒண்ணு ஃபில்டர் தண்ணி விழுற இடத்துலயே நிக்குது."

அன்று சாயங்காலமே போனேன். வெள்ளைப் புள்ளியைப் பார்க்க அறை விளக்கை அணைத்துவிட்டு, கைப்பேசி டார்ச்சைத் தொட்டியின் பக்கவாட்டிலிருந்து சாய்த்துப் பிடிக்க வேண்டும். நேராக அடித்தால் செதில் மின்னும், ஒன்றும் தெரியாது. லோச்சின் ஆரஞ்சு உடம்பில் புள்ளிகள் அவ்வளவாகத் தெரியவில்லை. மூன்று கறுப்புப் பட்டைகளின் மேல்தான் பளிச்சென்று தெரிந்தன. ஒவ்வொன்றும் அரை மில்லிமீட்டரிலிருந்து ஒரு மில்லிமீட்டர் வரை, தோலிலிருந்து சற்றே மேடாக. நியான் டெட்ராவின் உடம்பு சுத்தமாக இருப்பதுபோல் தெரிந்தது. ஆனால் கண்ணாடியாக இருக்கும் அதன் வால் துடுப்பில் டார்ச் வெளிச்சம் ஊடுருவியபோது இரண்டு புள்ளிகள் இருந்தன. கோரிடோரஸின் முதுகுத் துடுப்பில் ஒன்று. லோச்சுக்கு மட்டும்தான் நோய் என்று அதை மட்டும் பிடித்துத் தனியாக விடுவதில் பயன் இல்லை என்பதற்கு அந்த வால் துடுப்பே போதும். ஒரு மீனில் தெரிந்தால் தொட்டி முழுவதும் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மருந்துக்குக் கை நீட்டும் முன் இது வெள்ளைப் புள்ளிதானா என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். தங்கப்பொடி பூசியதாக, மிக நுண்ணிய தூளாகத் தெரிந்தால் அது வெல்வெட் என்ற வேறு நோய். ஆண் தங்கமீனின் செவுள் மூடியிலும் மார்புத் துடுப்பின் முன் ஓரத்திலும் மட்டும் வரிசையாக வெள்ளை மணிகள் இருந்தால் அது நோயே இல்லை, இனப்பெருக்கக் காலத்து அடையாளம். துடுப்பு ஓரத்தில் ஒழுங்கில்லாத கட்டியாக, வாரக்கணக்கில் அப்படியே இருந்தால் அது லிம்ஃபோசிஸ்டிஸ் என்ற வைரஸ் கட்டியாக இருக்கலாம். வெள்ளைப் புள்ளி நாளுக்கு நாள் மாறும், இடம் மாறும், கூடும். சில சமயம் புள்ளியே வெளியில் தெரியாமல் செவுளுக்குள் மட்டும் இருக்கும். மூச்சுத் திணறலும் உரசலும் மட்டுமே அடையாளமாக இருக்கும் அந்த நிலைதான் மோசம்.

இந்த நோயைக் கொண்டுவருவது இக்தியோப்திரியஸ் மல்டிஃபிலிஸ் என்ற ஒரு செல் ஒட்டுண்ணி. மீன் வளர்ப்போர் சுருக்கமாக இக் என்போம். 1876ல் ஃபூக்கே என்ற பிரெஞ்சுக்காரர் இதை விவரித்தார். உடம்பைச் சுற்றி நுண்ணிய மயிரிழைகள் உண்டு, அவற்றை அசைத்துத்தான் நீந்துகிறது. இதன் வாழ்க்கையை மூன்று கட்டங்களாகப் புரிந்துகொண்டால் சிகிச்சையில் பாதி முடிந்தது.

முதல் கட்டம் மீனின் தோலுக்கு அடியில். மேல்தோலைத் துளைத்து உள்ளே போய், மீனின் திசுவைத் தின்று வளர்கிறது. நாம் பார்க்கும் வெள்ளைப் புள்ளி, ஒட்டுண்ணியும் அதைச் சுற்றி மீன் தோல் எழுப்பிய மூடியும் சேர்ந்ததுதான். அந்த மூடிக்குள் இருக்கும்வரை தண்ணீரில் கலக்கும் மருந்து அதை எட்டாது.

இரண்டாம் கட்டம் அடித்தளத்தில். வளர்ந்து முடிந்ததும் மீனை விட்டு விழுகிறது. கல், செடி, கட்டை, ஃபில்டர் குழாய் என்று ஏதாவது ஒன்றில் ஒட்டிக்கொண்டு, தன்னைச் சுற்றிப் பிசுபிசுப்பான ஓடு ஒன்றைக் கட்டிக்கொள்கிறது. உள்ளே இரண்டாக, நான்காக, எட்டாகப் பிரிந்து பல நூறு குஞ்சுகளாகிறது. ஒன்றிலிருந்து ஆயிரம் வரைகூட வரும். இந்த ஓட்டையும் மருந்து எளிதில் துளைப்பதில்லை.

மூன்றாவது கட்டம் தண்ணீரில். ஓடு உடைந்து குஞ்சுகள் நீந்திக்கொண்டு மீனைத் தேடுகின்றன. ஒன்றிரண்டு நாளுக்குள் மீன் கிடைக்காவிட்டால் செத்துப்போகும். மருந்தோ உப்போ இதைக் கொல்வது இந்தக் கட்டத்தில்தான்.

இப்போது புள்ளி மறைந்த நாளை நினைத்துப் பாருங்கள். மீன் சுத்தமாகிவிட்டது. ஆனால் அதன் மேல் இருந்தவை எல்லாம் அடியில் கல்லில் உட்கார்ந்து பெருகிக்கொண்டிருக்கின்றன. அந்த நேரத்தில் மருந்தை நிறுத்தினால், வெளியே வரும் ஆயிரக்கணக்கான குஞ்சுகளுக்கு மருந்தில்லாத தண்ணீர் கிடைக்கிறது. முதல் தடவை பத்துப் புள்ளி இருந்த மீனில் அடுத்த தடவை எண்ண முடியாத புள்ளிகள் வருவது இதனால்தான். "மருந்து கேட்கல, நோய் முத்திப்போச்சு" என்கிறார்கள். மருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தது.

இந்தச் சுழற்சி எவ்வளவு வேகம் என்பது தண்ணீரின் சூட்டைப் பொறுத்தது. குளிர்நாடுகளில் பல வாரங்கள் இழுக்கும். 25 டிகிரியில் ஏறக்குறைய ஒரு வாரத்துக்குள் ஒரு சுற்று முடிந்துவிடும். நம் வரவேற்பறைத் தொட்டிகளில் தண்ணீர் 27, 28 டிகிரி இருப்பதால் அதைவிட வேகம். வேகமாகப் பரவும் என்பது கெட்ட செய்தி. மருந்துக்குச் சிக்கும் கட்டமும் சீக்கிரம் வருகிறது என்பது நல்ல செய்தி.

அக்கா மகள் வீட்டில் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கத் தெர்மாமீட்டர் இல்லை. நான் கொண்டு போயிருந்ததைப் போட்டு வைத்தோம். சாயங்காலம் 28. காலையில் எழுந்ததும் பார்த்துச் சொல்லச் சொன்னேன். 24 என்று படம் அனுப்பினாள்.

"ஏர்கான் எத்தனையில வெக்கிறே?"

"23 மாமா. ராத்திரி பூரா ஓடும்."

படுக்கையறையில் தொட்டி வைக்கும் பல வீடுகளில் இதுதான் நடக்கிறது. பகலில் சூடு, இரவில் குளிர், தினமும் நான்கு டிகிரி ஏறி இறங்குகிறது. ஒட்டுண்ணியை ஏர்கான் உண்டாக்காது. அது புது மீனோடு, கடைத் தண்ணீரோடு, செடியோடு, ஏன் ஈர வலையோடுகூட வருவது. ஆனால் சூடு தினமும் ஊசலாடினால் மீனின் எதிர்ப்புச் சக்தி தளரும். அதற்கு மேல் கிளவுன் லோச் வேறு. சுமத்ரா, போர்னியோ ஆறுகளைச் சேர்ந்த இந்த மீன், பிடிக்கப்பட்டு, பையில் அடைக்கப்பட்டு, பல கைகள் மாறி நம்மிடம் வருகிறது. செதில்கள் மிகச் சிறியவை, தோலில் புதைந்தவை. இக் முதலில் ஏறுவது பெரும்பாலும் இதன் மேல்தான்.

என்ன சிகிச்சை என்று முடிவு செய்ய அந்தத் தொட்டியில் யார் யார் இருக்கிறார்கள் என்பதைப் பார்த்தேன். லோச்சும் கோரிடோரஸும் இருப்பதால் மலகைட் கிரீன் என்ற சாயம் கலந்த மருந்தை முழு அளவில் போட முடியாது. இறால் இருப்பதால் செம்பு கலந்த மருந்து கூடவே கூடாது. செடி இருப்பதால் உப்பை அளவுக்கு மேல் போடத் தயக்கம். ஆக, சூட்டை 30க்கு ஏற்றுவது, மருந்து பாதி அளவு, தினமும் அடித்தளத்தை உறிஞ்சிச் சுத்தம் செய்வது என்று மூன்றையும் சேர்த்து வைத்துக்கொண்டோம்.

இறாலைத்தான் முதலில் பிடித்தோம். ஒரு வாளியில் ஸ்பாஞ்ச் ஃபில்டர் போட்டு, ஜாவா பாசி கொஞ்சம் வைத்து விட்டோம். இறாலுக்கு இந்த நோய் வராது. அதன் ஓட்டிலோ பாசியிலோ ஒட்டுண்ணியின் ஓடு ஒட்டி வந்திருந்தாலும், மீன் இல்லாத வாளியில் குஞ்சுகள் பிழைக்காது. நம் ஊர்ச் சூட்டில் இரண்டு வாரம் மீனில்லாமல் வைத்திருந்தால் அந்த வாளி சுத்தம் என்று எடுத்துக்கொள்ளலாம். நத்தைக்கும் செடிக்கும் இதே வழிதான். "இக் எப்போதும் எல்லாத் தொட்டியிலும் தூங்கிக்கொண்டிருக்கும்" என்று சொல்வதை நான் ஏற்பதில்லை. மீன் இல்லாமல் அதனால் வாழ முடியாது. ஒளிந்திருந்தால் மீனின் செவுளில் ஒன்றிரண்டாக ஒளிந்திருக்கும்.

அடுத்தது ஹீட்டர். சிங்கப்பூரில் ஹீட்டர் எதற்கு என்று சிரிப்பார்கள். ஏர்கான் அறையில் தொட்டி இருந்தால் அது வேண்டும். லிட்டருக்கு ஒரு வாட் என்பது பொதுக் கணக்கு. ஏர்கானை எதிர்த்து ஓட வேண்டியிருப்பதால் நாங்கள் 100 வாட் வாங்கினோம். சிகிச்சை முடியும்வரை வரவேற்பறையில் படுத்துக்கொள்வதாக அவளே சொன்னாள். அதுவே பெரிய உதவி. ஒரு மணி நேரத்துக்கு ஒரு டிகிரிக்கு மேல் ஏற்றாமல் 30க்குக் கொண்டுபோனோம். 30 டிகிரியிலும் அதற்கு மேலும் பெரும்பாலான இக் பெருகாது. ஆனால் சூட்டைத் தாங்கும் வகைகளும் உண்டு. வெப்பமண்டலத்தில் வளர்ந்த மீன்களோடு வரும் ஒட்டுண்ணியை வெறும் சூட்டால் ஒழித்துவிடலாம் என்று நான் நம்ப மாட்டேன். அதனால்தான் மருந்தும்.

சூடு ஏறினால் தண்ணீரில் ஆக்சிஜன் குறையும். 25 டிகிரியில் லிட்டருக்கு 8.3 மில்லிகிராம் கரையும். 30ல் சுமார் 7.5தான். செவுளில் ஏற்கனவே ஒட்டுண்ணி உட்கார்ந்திருக்கும் மீனுக்கு இந்த வித்தியாசம் உயிர்ப் பிரச்சினை. ஏர் பம்பும் ஏர் ஸ்டோனும் போடாமல் ஹீட்டரை மட்டும் போட்டுவிட்டு, மறுநாள் காலையில் மீன் செத்துக் கிடந்தால் நோயைக் குறை சொல்லக் கூடாது. தண்ணீர் மட்டத்தைச் சற்று இறக்கி, ஃபில்டர் தண்ணீர் சளசளவென்று விழும்படி விட்டோம். தங்கமீன், ஒயிட் கிளவுட் மாதிரி குளிர் விரும்பிகளாக இருந்தால் இந்த 30 டிகிரி வழியே வேண்டாம்.

மருந்தின் அளவுக்கு வருகிறேன். பாட்டிலில் "இத்தனை லிட்டருக்கு இத்தனை மில்லி" என்று இருக்கும். தொட்டி வாங்கும்போது சொன்ன லிட்டரை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். அவள் தொட்டி 60 செ.மீ. நீளம், 30 அகலம், 36 உயரம். பெருக்கினால் 64.8 லிட்டர். ஆனால் கல்லின் மேலிருந்து தண்ணீர் மட்டம் வரை அளந்தால் 28 செ.மீ.தான். 60ஐ 30ஆல், 28ஆல் பெருக்கி 1000ஆல் வகுத்தால் 50.4. ஆக 50 லிட்டருக்குத்தான் மருந்து. அதிலும் லோச்சுக்காகப் பாதி. 65 லிட்டர் என்று முழு அளவு ஊற்றியிருந்தால், அந்தத் தொட்டி தாங்க வேண்டியதைப் போல இரண்டரை மடங்குக்கும் மேல் போயிருக்கும். நோயைவிட மருந்தே மீனைக் கொல்வது இப்படித்தான்.

ஊற்றும் முன் ஃபில்டரில் கார்பன் இருந்தால் எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் மருந்தை அதுவே குடித்துவிடும். மலகைட் கிரீன் வெளிச்சத்தில் சிதையும். தொட்டி விளக்கை அணைத்து, யூவி விளக்கு இருந்தால் அதையும் நிறுத்தி வைக்க வேண்டும். கையுறை போடுங்கள். இது உடலுக்குக் கெடுதல் என்பதால் நாம் சாப்பிடும் மீனில் இருக்கவே கூடாது என்று தடை செய்யப்பட்ட சாயம். சட்டையில், தரையில், தொட்டியின் சிலிக்கான் ஓரத்தில் பட்டால் கறை போகாது. குழந்தைகள் எடுக்காத இடத்தில் பாட்டிலை வைக்க வேண்டும்.

இந்தச் சிகிச்சையில் என்னிடம் எதையாவது ஒன்றை மட்டும் செய் என்றால் சைஃபன் குழாயைத்தான் எடுப்பேன். கல்லுக்குள் குழாயைச் செருகி, கல் மேலெழும்பி உருண்டு விழ, பழுப்பு அழுக்கு மட்டும் குழாயில் ஏறிப் போகும்படி விட வேண்டும். அந்த அழுக்கோடு, கண்ணுக்குத் தெரியாத ஓடுகளும் போகின்றன. ஒரு ஓடு போனால் சில நூறு குஞ்சுகள் போயிற்று. கல் முழுவதையும் ஒரே நாளில் கிளற வேண்டாம். இன்று இடப்பக்கம், நாளை வலப்பக்கம். கால்வாசித் தண்ணீர் எடுத்ததும் நிறுத்தி, புதுத் தண்ணீர் விட்டு, அந்தக் கால்வாசிக்கு மட்டும் மருந்தை ஈடு செய்ய வேண்டும். அடுத்த முழு வேளை எப்போது என்பது பாட்டிலில் இருக்கும். நான் இரவில் சுத்தம் செய்து, உடனே மருந்து போட்டுவிடுவேன்.

புதுத் தண்ணீர் பற்றி ஒரு எச்சரிக்கை. ஊரில் அப்பா தண்ணீரை ஒரு நாள் தொட்டியில் பிடித்து வைத்து மீனுக்கு விடுவார், குளோரின் பறந்துவிடும். இங்கே அது பலிக்காது. பொதுப் பயனீட்டுக் கழகம் குழாய்த் தண்ணீரில் சேர்ப்பது குளோரமைன். குளோரினும் அம்மோனியாவும் இணைந்தது. வாளியில் ஒரு இரவு வைத்தால் போகாது. மலிவான ஆன்ட்டி குளோரின் சில, குளோரினை முறித்துவிட்டு அம்மோனியாவை அப்படியே விட்டுவிடும். குளோரமைனுக்கும் அம்மோனியாவுக்கும் சேர்த்துக் கேட்கும் என்று எழுதியிருக்கும் திரவத்தையே வாங்குங்கள். சிகிச்சை நாட்களில் தினமும் தண்ணீர் மாற்றுகிறோம், அம்மோனியாவைத் தின்னும் ஃபில்டரின் நல்ல பாக்டீரியாவையும் மருந்து தாக்குகிறது, சூடும் கூடியிருக்கிறது. இவை மூன்றும் சேர்ந்தால் அம்மோனியா மீனைச் சீக்கிரம் சாய்த்துவிடும். சோதனைத் துளி வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தோம். தீனியையும் பாதியாகக் குறைத்தோம்.

வெளியே எடுத்த மருந்துத் தண்ணீரைக் கழிப்பறையில் ஊற்றுங்கள். தாழ்வாரத்திலோ கீழே வடிகாலிலோ ஊற்றக் கூடாது. இங்கே மழைநீர் வடிகால்கள் நீர்த்தேக்கங்களுக்குப் போகின்றன.

மருந்து தொடங்கிய பிறகு புள்ளிகள் கூடின. பதறிப்போய்க் கூப்பிட்டாள்.

"போட்டப்புறம் ஜாஸ்தியாகுதே மாமா! வேற மருந்து வாங்கட்டுமா?"

"வேண்டாம்மா. நீ இப்பப் பாக்குறது முன்னாடியே உள்ள போனது. சின்னதா இருந்தப்போ கண்ணுக்குத் தெரியல, இப்ப வளர்ந்து தெரியுது. புதுசா ஏறவிடாம இருந்தாப் போதும்."

பலர் இந்த இடத்தில்தான் பொறுமை இழந்து மருந்தை மாற்றுகிறார்கள், இரண்டு மருந்தைக் கலக்குகிறார்கள். மலகைட் கிரீனுக்கு மேல் ஃபார்மலின், அதற்கு மேல் செம்பு என்று போனால் எந்த மீனும் தாங்காது. ஒரே வழியில் நின்றுகொள்ள வேண்டும்.

லோச் ஒன்று தொடக்கத்திலேயே செத்துப்போனது. ஃபில்டர் அருகிலேயே நின்றுகொண்டிருந்ததே, அதுதான். செவுள் உள்ளே வெளிறிப்போயிருந்தது. அவள் அழுதாள். எடுப்பதற்கு மனசில்லாமல் சற்று நேரம் விட்டுவைக்கலாமா என்று கேட்டாள். வேண்டாம் என்று உடனே எடுத்துவிட்டேன். மீன் செத்ததும் அதன் மேல் இருப்பவை ஒவ்வொன்றாக வெளியேறி அடியில் ஒட்டிக்கொள்ளத் தொடங்கிவிடும். செத்த மீனுக்கு நாம் காட்டும் தாமதம் இருக்கிற மீன்களுக்குக் கேடு.

பிறகு ஒரு காலையில் மீன்கள் எல்லாம் சுத்தமாக இருந்தன. லோச்சுகள் கட்டைக்கு அடியில் ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து படுத்துக்கொண்டிருந்தன. அந்த மீன் நிம்மதியாக இருந்தால் அப்படித்தான் படுக்கும். "இன்னிக்கே ஏர்கான் போட்டுக்கலாமா" என்று கேட்டாள். கூடாது என்றேன். கடைசிப் புள்ளி மறைந்த பின்பும் குறைந்தது ஒரு வாரம் அதே சூடு, அதே மருந்து, அதே சைஃபன். மொத்தச் சிகிச்சையை 10 முதல் 14 நாள் என்று முதல் நாளே நாட்காட்டியில் குறித்துவிடுங்கள். மீனைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், நாட்காட்டியைப் பார்த்து முடிவு செய்யுங்கள். நடுவில் ஒரே ஒரு புள்ளி திரும்பத் தெரிந்தாலும் அந்த ஒரு வாரத்தை மறுபடி முதலிலிருந்து எண்ண வேண்டும். அவள் தொட்டியில் பிளாட்டி ஒன்றின் துடுப்பில் அப்படித் திரும்பி வந்தது. மருந்து ஓடிக்கொண்டிருந்ததால் அதோடு முடிந்தது. நிறுத்தியிருந்தால் அந்த ஒரு புள்ளியே அடுத்த சுற்றுக்குப் போதும்.

எல்லாத் தொட்டிக்கும் மருந்துதான் என்றில்லை. தெம்பனிஸில் என் நண்பர் ஒருவர் வெறும் கண்ணாடித் தொட்டியில் கப்பி மட்டும் வளர்க்கிறார், செடியும் இல்லை, கல்லும் இல்லை. அவருக்கு உப்பு மட்டும் போதுமாக இருந்தது. லிட்டருக்கு 2 கிராம். தேக்காவில் வாங்கிய கல்லுப்பைத் தொட்டித் தண்ணீரிலேயே கரைத்து, இரண்டு நாளில் பல தவணையாக ஊற்றினார். கப்பி, மோலி, பிளாட்டி எல்லாம் உப்பை நன்றாகத் தாங்கும். கோரிடோரஸுக்கும் பல செடிகளுக்கும் அந்த அளவு ஒத்துக்கொள்ளாமல் போகலாம். உப்பில் ஒன்றை மறக்கக் கூடாது. தண்ணீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. வற்றிய தண்ணீருக்குப் பதில் வெறும் தண்ணீர் மட்டும் விட வேண்டும். தண்ணீரை வெளியே எடுத்து மாற்றும்போது மட்டும், எடுத்த அளவுக்குத் தகுந்த உப்பைச் சேர்க்க வேண்டும். அடித்தளம் வழவழவென்று இருந்ததால் அவர் தினமும் துடைத்தே ஓடுகளை எடுத்துவிட்டார். கல் இல்லாத தொட்டியில் இந்த நோயை ஒழிப்பது எவ்வளவோ சுலபம்.

வராமல் தடுப்பதற்குத் தனித்தொட்டியைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியாது. வீவக வீட்டில் இடம் எங்கே என்பார்கள். மூடியுள்ள 20 லிட்டர் பிளாஸ்டிக் பெட்டி, ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர், மீன் ஒளிந்துகொள்ள ஒரு குழாய்த் துண்டு. துணி துவைக்கும் இயந்திரத்தின் பக்கத்தில் வைக்கலாம். அந்த ஸ்பாஞ்சைப் பெரிய தொட்டியின் ஃபில்டருக்குள் எப்போதும் போட்டு வைத்திருந்தால், தேவைப்படும் நாளில் பாக்டீரியாவோடு தயாராக இருக்கும். புது மீன் அதில் இரண்டு முதல் நான்கு வாரம் இருக்கட்டும். இங்குள்ள சூட்டில் இக் இருந்தால் இரண்டு வாரத்துக்குள் பெரும்பாலும் வெளியே தெரிந்துவிடும். வலையும் சைஃபனும் அதற்குத் தனி. ஒரே வலைதான் இருக்கிறதென்றால் நன்றாகக் காயவைத்த பிறகே அடுத்த தொட்டியில் விடுங்கள். காய்ந்தால் ஒட்டுண்ணி பிழைக்காது.

கடையில் நான் வாங்கப்போகும் மீனை மட்டும் பார்க்க மாட்டேன். சிராங்கூன் நார்த் பக்கம் வரிசையாக மீன்கடைகள் உண்டு, எனக்கு அங்கே நடப்பது பிடிக்கும். எந்தக் கடையானாலும், பல தொட்டிகளுக்கு ஒரே தண்ணீர் சுற்றி வரும்படி குழாய் இணைத்திருந்தால், மேல் வரிசையில் ஒரு தொட்டியில் புள்ளி தெரிந்தாலும் கீழ் வரிசையில் வாங்குவதில்லை. மீன் எப்போது வந்தது என்று கேட்பேன். நேற்று வந்தது என்றால் முன்பணம் கொடுத்துவிட்டு அடுத்த வாரம் வருகிறேன் என்பேன். நல்ல கடைக்காரர் ஒத்துக்கொள்வார். பையில் வரும் தண்ணீரை எந்தக் காரணத்துக்கும் தொட்டியில் ஊற்றுவதில்லை.

நோயிலிருந்து மீண்ட மீனுக்கு ஓரளவு எதிர்ப்புச் சக்தி வந்துவிடும். அதனால் பழைய மீன்கள் நன்றாக இருக்கின்றனவே என்று அவசரப்பட்டுப் புது மீனை விட வேண்டாம். பழையவை தாங்கும், புதியவை தாங்காது. நாங்கள் மருந்து முடிந்ததும் கார்பன் போட்டு மிச்சத்தை உறிஞ்சினோம். சூட்டை நாளுக்கு ஒரு டிகிரியாக இறக்கி 27ல் நிறுத்தினோம். ஹீட்டரை அங்கேயே அந்த அளவில் விட்டுவிட்டதால் இப்போது ஏர்கான் ஓடினாலும் தண்ணீர் இறங்குவதில்லை. இறால்கள் கடைசியாக, மருந்து சுத்தமாகப் போன பிறகு, வாளியிலிருந்து திரும்பி வந்தன.

பிழைத்த லோச்சுகளைப் பற்றியும் பேச வேண்டியிருந்தது. கடையில் விரல் நீளம் இருக்கும் கிளவுன் லோச் ஒரு அடி வரை வளரும், இருபது ஆண்டுக்கு மேல் வாழும், கூட்டமாக இருந்தால்தான் தைரியமாக இருக்கும். இரண்டடித் தொட்டி அதற்கு இடமே இல்லை. வேண்டாத மீனைக் கால்வாயிலோ நீர்த்தேக்கத்திலோ விடுவது சட்டப்படி குற்றம், அங்குள்ள மீன்களுக்கும் நோயைக் கொடுக்கும். என் கூட வேலை பார்க்கும் ஒரு அண்ணனிடம் ஐந்தடித் தொட்டியில் ஏற்கனவே பெரிய லோச்சுகள் இருக்கின்றன. அவரிடம் நடந்ததை எல்லாம் சொன்னேன். "கொண்டு வா தம்பி, ஆனா என்கிட்டயும் நாலு வாரம் தனியாத்தான் இருக்கும்" என்றார். அவளும் சரி என்றாள், ஞாயிற்றுக்கிழமை இரண்டு பைகளில் கொண்டுபோய்க் கொடுத்தோம்.